இரண்டு வான், இரண்டு பாலம், ஆட்களை விட்டுப் பிரிந்த பாஸ்போட்டுகள்

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், வாசிக்கிறவர்களுக்கு விளங்க வேண்டும்.

ஸ்காபரோவில் இருந்து நியூ ஜேர்சியில் ஒரு கல்யாணத்துக்கு ஒரு குடும்பம் இரண்டு வானில் வெளிக்கிட்டிருக்கிறது. முன் வானில் கேள்வி கேட்டவர், மனைவி, இரண்டு பிள்ளைகள், அவருடைய அம்மா. பின் வானில் தங்கை, மச்சான், அவர்களுடைய இரண்டு பொடியன்கள். எல்லோரும் கனடியக் குடிமக்கள். அந்தந்த வானில் ஏறியவர்களின் பாஸ்போட்டுகளை அந்தந்த வான் ஓட்டுகிறவர் வைத்திருந்தார். சென்ற் கத்தரீன்ஸில் கோப்பிக்கு நிறுத்தியபோது பொடியன்கள் இருவரும் மாமாவின் வானில்தான் வருவோம் என்று ஓடிவந்து ஏறிக்கொண்டார்கள். இடம் நெருக்கமாகிவிட, அம்மா கால் நீட்ட வசதி என்று மகளின் வானுக்குப் போய்விட்டார். ஆட்கள் மாறினார்கள், பாஸ்போட்டுகள் மாறவில்லை. முன் வான் கியூ.ஈ.டபிள்யூ. என்ற ஹைவே முடிகிற இடத்தில் உள்ள, அமெரிக்க எல்லை தாண்டுகிற பீஸ் பாலத்தில் ஏறியது. பின்னால் வந்த மச்சானை ஜிபிஎஸ், முன்னால் நெரிசல் என்று சொல்லி 405 ஹைவேயில் திருப்பி, குவீன்ஸ்டன் பாலத்தில் ஏற்றிவிட்டது.

பீஸ் பாலத்தில் அமெரிக்க அதிகாரியிடம் ஐந்து பாஸ்போட்டுகள் போயின, வானுக்குள்ளே ஆறு பேர். அந்த ஐந்தில் ஒன்று 78 வயது அம்மாவினுடையது, அவர் வானில் இல்லை. "இவர் எங்கே?" "பின்னால் வருகிற வானில்." அதிகாரி பின்னால் எட்டிப் பார்த்தார், ஒரு பார ஊர்தி நின்றது. அதே நேரம் மற்றப் பாலத்தில் மச்சான் நான்கு பாஸ்போட்டுகளை நீட்ட, வானுக்குள்ளே மூன்று பேர். அதில் ஒருவரிடம் பாஸ்போட் இல்லை, இரண்டு பாஸ்போட்டுகளுக்கு ஆட்கள் இல்லை. இரண்டு வானையும் கனடாவுக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கனடா பக்க அதிகாரி "எவ்வளவு நேரம் அமெரிக்காவில் இருந்தீர்கள்?" என்று கேட்க, சின்னப் பொடியன் "நாங்கள் இன்னும் போகவேயில்லை" என்றானாம். அதிகாரி சிரித்துவிட்டார். பிறகு ஃபோர்ட் ஈரியில் சந்தித்து, ஆளுக்குரிய பாஸ்போட்டை ஆளிடம் சேர்த்து, கல்யாணத்துக்கு முதல்நாள் மருதாணி இரவு முடிகிற நேரத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள்.

அவர் கேட்பது இவை: எல்லோரும் கனடியர்தானே, கணினியில் பார்த்து விட்டிருக்கக் கூடாதா? பிள்ளைகளைத் தனியாகக் கேள்வி கேட்டது ஏன்? இது பதிவில் இருக்குமா? அடுத்த முறை என்ன செய்வது?

நயாகரா வழியாகக் கல்யாணம், சாமத்தியவீடு, கோயில் என்று கன காலமாக வான் ஓட்டுகிறவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் கதையைப் போன்றவற்றை எங்கள் ஆட்களிடம் நிறையக் கேட்டிருக்கிறேன், இப்படி இரண்டு பாலத்திலும் ஒரே நேரத்தில் நடந்ததை இப்போதுதான் கேட்கிறேன். வாசித்துவிட்டு நன்றாகச் சிரித்தேன், வீட்டிலும் வாசித்துக் காட்டினேன்.

இது பாலம் தாண்டும்வரை ஏன் யாருக்கும் தெரியவில்லை என்பதுதான் முக்கியம். விமான நிலையத்தில் என்றால் பாஸ்போட் இல்லாதது கனடாவிலேயே தெரிந்துவிடும். காரில் போகும்போது கனடாவை விட்டு வெளியேறுவதை எந்தக் கனடிய அதிகாரியும் நிறுத்திப் பார்ப்பதில்லை. ஆற்றைத் தாண்டிய பிறகு நீங்கள் சந்திக்கிற முதல் அதிகாரியே அமெரிக்கர்தான். திரும்பி வரும்போதும் இதே மாதிரி, முதலில் சந்திப்பது கனடிய அதிகாரியை. ஒரு நாடு எழுதும் உள்வருகைப் பதிவையே மற்ற நாடு வெளியேறிய பதிவாக எடுத்துக்கொள்கிறது, இரண்டு நாடுகளும் இதைப் பகிர்ந்துகொள்கின்றன. ஆகவே பாலத்தில் ஏறிய பிறகு "ஐயோ, பாஸ்போட்" என்று நினைவு வந்தாலும் நடுவில் திருப்ப இடமில்லை. அமெரிக்கச் சாவடிக்குப் போய், அவர்கள் திருப்பி அனுப்பி, கனடியச் சாவடியில் வரிசையில் நின்று, வெளிநாட்டில் இருந்து வருகிறவர்களைப் போலவே பதில் சொல்லித்தான் வர வேண்டும். உங்கள் சின்னவனிடம் அந்தக் கேள்வி வந்தது இதனால்தான்.

சரி, குடிமக்கள் என்று கணினியில் தெரியும்தானே என்ற கேள்வி. கனடியக் குடிமகன் கனடாவுக்குள் வருவது அவருடைய உரிமை, அரசியலமைப்பின் உரிமைச் சாசனம் 6ஆம் பிரிவில் அதைக் கொடுத்திருக்கிறது. அதனால்தான் கையில் பாஸ்போட் இல்லாத உங்கள் அம்மாவை, ஆள் யார் என்று உறுதிப்படுத்திக்கொண்டு உள்ளே விட்டார்கள். அமெரிக்காவுக்கு அந்தக் கடமை இல்லை. அங்கே நாங்கள் விருந்தாளிகள், பத்திரம் காட்டிக் கேட்டுத்தான் போக வேண்டும். பழைய ஆட்களுக்கு இது விளங்காததற்குக் காரணம் உண்டு. 2009 ஜூன் 1 வரைக்கும் கனடியர்கள் தரைவழியாகப் போக பாஸ்போட் கட்டாயமாக இருக்கவில்லை, சாரதி அனுமதிப்பத்திரத்தைக் காட்டி "கனடியன்" என்று வாயால் சொல்லிப் போனவர்கள் ஏராளம். அந்தக் காலத்தில் ஓடித் திரிந்த மாமாமார் இன்றைக்கும் "அது ஒன்றும் கேட்கமாட்டாங்கள்" என்று சொல்வார்கள். தயவுசெய்து அவர்கள் பேச்சைக் கேட்டுப் போகாதீர்கள்.

பிள்ளைகளுக்கு ஒரு சலுகை உண்டு. 16 வயதுக்குக் குறைந்த கனடியப் பிள்ளைகள் காரில் போகும்போது பாஸ்போட்டுக்குப் பதிலாகப் பிறப்புச் சான்றிதழோ குடியுரிமைச் சான்றிதழோ காட்டிப் போகலாம். ஆகவே பொடியன்களின் பிறப்புச் சான்றிதழ் பிரதி உங்கள் வானில் இருந்திருந்தால் பத்திரக் குறை தீர்ந்திருக்கும். ஆனால் வாட்சப்பில் படம் அனுப்பிக் காட்டலாம் என்று நம்பிப் போகாதீர்கள், கையில் கடதாசி இருக்க வேண்டும்.

அதோடு முடிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன், உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. கோப்பிக்கடை வாசலில் வான் மாறி ஏறிய அந்த நிமிடமே உங்கள் மருமக்கள் இருவரும், அதிகாரியின் கண்ணுக்கு, தாய் தகப்பன் இல்லாமல் எல்லை கடக்கிற பிள்ளைகள் ஆகிவிட்டார்கள். பிள்ளை கடத்தல், விவாகரத்தான பெற்றோரில் ஒருவர் மற்றவருக்குத் தெரியாமல் பிள்ளையைக் கொண்டு ஓடுவது, இதையெல்லாம் பார்ப்பது அவர்களுடைய வேலை. அதைச் செய்யாவிட்டால்தான் நாங்கள் கோபப்பட வேண்டும். தாய் தகப்பன் வேறு வாகனத்தில் வந்தாலும், ஒருவர் மட்டும் கூட வந்தாலும், பெற்றோர் கையெழுத்து வைத்து, தொலைபேசி எண் எழுதிய சம்மதக் கடிதம் ஒன்று வைத்திருங்கள். சட்டத்தில் கட்டாயம் இல்லை, ஆனால் கனடிய அரசே எடுத்துச் செல்லச் சொல்கிறது, மாதிரிக் கடிதம்கூட அரசின் இணையத்தளத்தில் இருக்கிறது.

இதற்கு மேலே எங்கள் பெயர்கள். இதைப் பற்றி எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேனோ தெரியாது. எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது, தகப்பன் பெயர்தான் கூட நிற்கும். உங்கள் வானையே எடுத்துப் பாருங்கள். உங்கள் பாஸ்போட்டில் கடைசிப் பெயர் உங்கள் அப்பாவின் பெயர். மனைவி கல்யாணத்துக்குப் பிறகும் மாற்றாவிட்டால் அவருக்கு அவருடைய அப்பாவின் பெயர். பிள்ளைகளுக்கு உங்கள் பெயர். மருமக்களுக்கு மச்சானின் பெயர். ஆறு பேருக்கு நான்கு கடைசிப் பெயர்கள், கணவன், மனைவி, பிள்ளைகள் மூன்று தரப்புக்கும் ஒன்றும் ஒத்துப்போகாது. எங்களுக்கு இது காற்று மாதிரி இயல்பு. கடைசிப் பெயரை வைத்துத்தான் குடும்பம் என்று பார்த்துப் பழகிய ஒருவருக்கு, ஆறு பேர் ஒருவருக்கொருவர் சொந்தம் என்று சொல்ல, கடதாசி வேறு கதை சொல்கிறது. அங்கே கோபப்பட்டுப் பிரயோசனம் இல்லை. "எங்கள் வழக்கத்தில் பிள்ளையின் கடைசிப் பெயர் தகப்பனின் முதற்பெயர், என் பாஸ்போட்டைப் பாருங்கள்" என்று ஒரே வரியில் ஆங்கிலத்தில் சொல்லுங்கள். பபலோ பக்கத்து அதிகாரிகள் பலருக்கு இது பழகிப்போன விஷயம், சொன்னவுடன் தலையாட்டுவார்கள்.

வீட்டுப் பெயர் இன்னொரு வில்லங்கம். அதிகாரி சின்னப் பிள்ளையிடம் பெயர் கேட்பார், அது "குட்டி" என்று சொல்லும். பாஸ்போட்டில் எண்சோதிடம் பார்த்து வைத்த, நீட்டி முழக்கிய ஒரு பெயர் இருக்கும். உள்ளே கூப்பிட்டு விசாரிக்கிற அறையில் ஒருமுறை பக்கத்து வரிசையில் ஒரு அம்மம்மாவிடம் பேரனின் பெயரைக் கேட்டார்கள். அவர் யோசித்துப் பார்த்துவிட்டு, மகளைத் திரும்பிப் பார்த்து, "இவன்ர பள்ளிக்கூடப் பேர் என்ன பிள்ளை?" என்றார். அறையில் இருந்த தமிழர் எல்லோரும் சிரித்துவிட்டோம், ஏனென்றால் எங்கள் ஒவ்வொரு வீட்டிலும் அப்படி ஒரு ஆள் உண்டு. நல்ல காலம், பேரன் ஓடிவந்து அம்மம்மாவின் மடியில் ஏறி இருந்துகொண்டான், அதிகாரி அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. எல்லைக்குப் போக முதல் வானில் வைத்துப் பிள்ளைகளிடம் முழுப்பெயரும் பிறந்த தேதியும் சொல்லப் பழக்குங்கள், முதியவர்களுக்கும் ஒருமுறை சொல்லிக் காட்டுங்கள்.

அந்தச் சாவடியில் இருக்கிறவருக்குக் கிடைப்பது கொஞ்ச நேரம்தான். அதற்குள் அவர் பார்ப்பது கடதாசி, முகம், வாயால் வருகிற பதில் மூன்றும் ஒத்துப்போகிறதா என்பதைத்தான். ஆகவே ஓட்டுகிறவர் ஒருவர் மட்டும் பதில் சொல்ல வேண்டும், கேட்டதற்கு மட்டும் சொல்ல வேண்டும். எங்கே போகிறீர்கள் என்றால் "நியூ ஜேர்சி, கல்யாணம், ஞாயிறு திரும்புவோம்." அவ்வளவுதான். பின்சீற்றில் இருந்து பெரியப்பா மாப்பிள்ளை வீட்டாரின் ஊரைச் சொல்லத் தொடங்கினால் கேள்வி பத்தாகும். பின் கண்ணாடிகளை இறக்கி, உள்ளே விளக்கைப் போட்டு, பாஸ்போட்டுகளை உறை கழற்றி, இருக்கிற வரிசைப்படி அடுக்கிக் கொடுத்துப் பாருங்கள், வேலை கெதியாக முடியும்.

பாலங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், உங்கள் கதையில் பாதிக் குழப்பம் அதில்தான். நயாகரா ஆற்றின் மேல் கார் போகக்கூடிய எல்லைப் பாலங்கள் நான்கு. ஃபோர்ட் ஈரிக்கும் பபலோவுக்கும் நடுவே பீஸ் பாலம், 1927இல் திறந்தது. நீர்வீழ்ச்சிக்குப் பக்கத்தில் ரெயின்போ பாலம், 1941, பார ஊர்திகளுக்கு அனுமதி இல்லை, 420 ஹைவே அங்கே போகும். 405 கொண்டுபோய் விடுவது லூவிஸ்டன்–குவீன்ஸ்டன் பாலம், 1962. நான்காவது வேர்ல்பூல் பாலம், அது நெக்சஸ் அட்டை (முன்கூட்டியே விசாரித்து அனுமதித்த பயணிகளுக்குக் கொடுக்கிற அட்டை) உள்ளவர்களுக்கு மட்டும், வானில் ஒருவரிடம் அட்டை இல்லாவிட்டாலும் அந்தப் பக்கம் போகக்கூடாது. ஜிபிஎஸ்ஸில் நியூ ஜேர்சி முகவரியைப் போட்டால் அது நேரத்தைப் பார்த்து இவற்றில் எதிலும் திருப்பும். இரண்டு வாகனமாகப் போகிறவர்கள் முதலில் பாலத்தின் பெயரைப் போடுங்கள், கல்யாண மண்டபத்தை எல்லை தாண்டிய பிறகு போடலாம். டெற்றோயிட் வழியாகப் போகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய மயக்கம் இருக்கிறது: அங்கே கனடாவின் வின்சர் தெற்கே, அமெரிக்காவின் டெற்றோயிட் வடக்கே. கனடா எப்போதும் வடக்கே என்று நினைத்து டெற்றோயிட்டில் ஓடுகிறவர், வின்சருக்குப் போகிற அம்பாசடர் பாலத்துக்கு விலகுகிற பாதையைத் தவறுதலாக எடுத்து, பாஸ்போட்டே இல்லாமல் கனடியச் சாவடியில் போய் நிற்பது அங்கே அடிக்கடி நடக்கிறது. அமெரிக்காவில் விசா ஒழுங்கில்லாமல் இருக்கிற ஒருவருக்கு அந்த ஒரு திருப்பம் வாழ்க்கையையே புரட்டிவிடும், அந்தப் பக்கம் உறவினர் இருந்தால் சொல்லி வையுங்கள்.

கல்யாணத்துக்குப் போகிறவர்கள் சாமான் விஷயத்திலும் மாட்டுவார்கள். பச்சைக் கறிவேப்பிலையைக் கொண்டுபோகாதீர்கள். அது எலுமிச்சை, தோடை இனத்துச் செடி, அந்த மரங்களைக் கொல்கிற நோயைப் பரப்பும் சிறு பூச்சி அதில் தங்கும் என்பதால் அமெரிக்காவில் பறித்துவிடுவார்கள். சொல்லிக் கொடுத்தால் பறிப்பதோடு போகும், ஒளித்து வைத்துப் பிடிபட்டால் தண்டம். ஆட்டிறைச்சிக் கறி, பச்சைப் பழங்களும் வேண்டாம். மிளகாய்த்தூள் பிரச்சினை இல்லை, பைக்கு மேலே என்ன என்று எழுதி ஒட்டுங்கள். விபூதியை மொட்டைப் பையில் கட்டிக் கொண்டுபோகாமல் கடையில் வாங்கிய பெட்டியோடு கொண்டுபோங்கள், வெள்ளைத் தூளைப் பற்றி விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்கத் தேவையில்லை.

பிள்ளைகள் கையில் கின்டர் முட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள், விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சாக்லேட்டுக்கு உள்ளே விளையாட்டுப் பொருள் வைத்த அந்த முட்டை அமெரிக்காவில் தடை, உணவுக்குள்ளே உண்ண முடியாத பொருளைப் புதைக்கக்கூடாது என்ற 1938ஆம் ஆண்டுச் சட்டத்தினால். 2011இல் வினிபெக் பெண் ஒருவரின் காரில் இருந்து ஒரே ஒரு முட்டையை எடுத்துவிட்டு, 300 டொலர் தண்டம் வந்திருக்கும் என்று எச்சரித்தார்கள், பிறகு அதை அழிக்கச் சம்மதம் கேட்டு அவருக்கு அரசுக் கடிதமும் வந்தது. இரண்டு பகுதியாகப் பிரித்து விற்கிற கின்டர் ஜோய் அங்கேயே கிடைக்கிறது, அதில் சிக்கல் இல்லை.

நகையோடு போனால் திரும்பி வரும்போதுதான் கேள்வி, அமெரிக்காவில் வாங்கியதா என்று. போக முதல் நகைகளைப் படம் எடுத்து, பற்றுச்சீட்டோ மதிப்பீட்டுக் கடதாசியோ கூட வையுங்கள். காசு அமெரிக்கப் பக்கத்தில் 10,000 அமெரிக்க டொலருக்கு மேல் இருந்தாலும், கனடாப் பக்கத்தில் 10,000 கனடிய டொலரோ அதற்கு மேலோ இருந்தாலும் சொல்ல வேண்டும், அமெரிக்கப் பக்கத்தில் ஒன்றாகப் போகிற குடும்பத்துக்கு மொத்தமாகத்தான் கணக்கு. மொய்க்காசு சேர்த்துக்கொண்டு வருகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். கொண்டுவருவது குற்றம் இல்லை, சொல்லாமல் விடுவதுதான் குற்றம்.

மச்சானுக்குப் பின்னால் வந்தவர்கள் ஹோர்ன் அடித்துக்கொண்டே வந்தார்கள் என்று கடைசியில் எழுதியிருந்தீர்கள். பலகையில் 55 என்று இருந்ததைப் பார்த்து 55 கிலோமீற்றரில் ஓடியிருப்பார். அது மைல், கிட்டத்தட்ட 89 கிலோமீற்றர். 65 என்றால் 105. மறுபக்கம் இன்னும் ஆபத்து: அமெரிக்க உறவினர் ஒன்ராறியோவில் 100 என்ற பலகையைப் பார்த்து மைல் என்று நினைத்தால் 161 கிலோமீற்றரில் ஓடுவார். ஹைவேயில் எல்லையை விட 50 கூடினாலே இங்கே அது சாகச ஓட்டம் என்ற குற்றம், அந்த இடத்திலேயே 14 நாளுக்கு வாகனத்தைத் தூக்கிக்கொண்டு போவார்கள், 30 நாளுக்கு அனுமதிப்பத்திரம் பறிபோகும். அவர்களை அழைக்கும்போதே இதைச் சொல்லிவிடுங்கள்.

பதிவில் இருக்குமா என்றால், இருக்கும். பத்திரம் இல்லாமல் திருப்பி அனுப்பியது குற்றப் பதிவு இல்லை, நீங்கள் எல்லோரும் கனடியக் குடிமக்கள் என்பதால் அடுத்த பயணத்தை அது தடுக்காது. எப்போதாவது கேட்டால் "வான் மாறி ஏறியதால் பாஸ்போட் மற்ற வானில் இருந்தது, அன்றைக்கே சரிசெய்து வந்தோம்" என்று உள்ளதைச் சொல்லுங்கள். அமெரிக்க விசா விண்ணப்பத்தில் முன்பு நுழைவு மறுக்கப்பட்டதா என்று ஒரு கேள்வி உண்டு, என்றைக்காவது யாராவது அதை நிரப்ப நேர்ந்தால் இதை மறைக்காமல் எழுதி விளக்கம் சேர்க்க வேண்டும். இதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் ஒரே ஆளை உள்ளே கூப்பிடுகிறார்கள் என்றால் அது பெரும்பாலும் வேறு யாருடையதோ பெயர் ஒத்துப்போவதால்தான் இருக்கும், எங்கள் பெயர்களில் அது சாதாரணம். அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் திணைக்களத்தில் இதற்கென்றே ட்ரிப் என்ற முறைப்பாட்டு வழி இருக்கிறது, இணையத்தில் விண்ணப்பித்தால், நீங்கள் அந்த ஆள் இல்லை என்று பிரித்துக் காட்ட உதவும் நிவர்த்தி எண் ஒன்று தருவார்கள். விமானச் சீட்டு எடுக்கும்போதும் அதைக் கொடுக்கலாம்.